ராட்சசனின் கெண்டைக்கால்

கோத்தகிரிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் போன வாரம் பேக்கரியில் மறுபடியும் வாய் தவறிவிட்டது. "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். கல்லாவில் புதிதாக உட்கார்ந்திருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பானா? பீடாக் கடை எதிர்ல இருக்குதுங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் இருந்த ரொட்டியைக் கையால் காட்டினேன். "பிரெட்டா? அப்படிச் சொல்லுங்க. நீங்க சிலோனா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது. ஊரில் பாண் என்று கேட்டால் சிரிப்பவன் கிடையாது. இங்கே எந்தச் சொல் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரியாமலேயே ஒவ்வொரு கடையிலும் ஏறவேண்டியிருக்கிறது. அதைவிட வெட்கமான பழக்கம் ஒன்றும் எனக்கு உண்டு. நாலு பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டால், கட்டியிருக்கும் துணி இடுப்பில் இருக்கிறதா என்று என் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். அது ஏன் என்று இலங்கையில் நமுனுகுலப் பக்கம் இருக்கிற பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில், கொழுந்து அரைக்கிற ரோலர் அறையில் வேலை. எனக்குக் குஸ்திப் பைத்தியம். கொழும்பிலிருந்து குஸ்திக் கோஷ்டிகள் மலைநாட்டுக்கு வந்துபோன காலம் அது. லவுட் ஸ்பீக்கர் கட்டிய வேன் ஒன்று நோட்டீஸை இறைத்துக்கொண்டு பாதையில் போகும். அந்த நோட்டீஸில்தான் மதுரைப் புலியை முதன்முதலில் பார்த்தேன். ஆளைப் பார்த்தது பண்டாரவளையில். அப்படியொன்றும் உயரமில்லை. கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். இடது காது மடல் கசங்கிச் சுருண்டுபோயிருக்கும். "மதுரை மண்ணிலிருந்து கடல் கடந்து வந்திருக்கும் வீரர்" என்று மைக்கில் சொன்னதும் அவர் தொடையைத் தட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்களில் ஒருவனும் மதுரையைக் கண்டதில்லை. அந்தப் பக்கமிருந்து வந்தவர்களின் வாரிசு என்று வீட்டில் சொல்லக் கேட்டதோடு சரி. பிறந்த நாட்டிலேயே நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நமக்கென்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரிலிருந்து இப்படி ஒருவன் வந்து நிற்கிறான் என்றால் எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அப்புத்தளையில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் என்று சொல்லப்பட்ட ஒரு மலை மாதிரி ஆளை அவர் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிப் போட்டதைப் பார்த்தேன். வெலிமடையில் இரண்டு பேரை ஒரே ஆட்டத்தில் மடக்கினார். எதிராளியின் கழுத்தைக் கால்களுக்கிடையே வைத்து நெரிக்கும் "புலிப்பிடி"தான் அவருடைய பேர்போன வித்தை. நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து தலையணையை அந்தப் பிடியில் போட்டுக் காட்டுவேன். என் மனைவி பாக்கியம் சிரிப்பாள். "தலகாணி செத்துப்போச்சுங்க, விட்ருங்க" என்பாள்.

பிறகு ரங்கூன் ராட்சசன் வந்தான். மொட்டைத் தலை, கரிக்கோடு இழுத்த கண், கறுப்பு அங்கி. பதுளை மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் புலி அவனைப் புலிப்பிடியில் போட்டுவிட்டார். நடுவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், ராட்சசன் இடுப்பிலிருந்து எதையோ எடுத்துப் புலியின் கண்ணில் தேய்த்தான். மிளகாய்த் தூள் என்று கூட்டம் கத்தியது. கண் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றவரைக் கதிரையால், இங்கே சொல்கிற நாற்காலியால், அடித்தான். நெற்றியில் ரத்தம். நடுவர் ராட்சசனின் கையைத் தூக்கினார். எங்கள் தோட்டத்து ஆட்கள் நடுவரைத் திட்டிக்கொண்டே லொறி ஏறினோம். மறு ஆட்டம் அடுத்த ஞாயிறு என்று அறிவித்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்கத் தோட்டத்தில் வேறு பேச்சில்லை. பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதுகூட கங்காணி அதைத்தான் பேசினார். பேக்டரிச் சக்கரங்களைக் காக்கிற ரோதமுனிக்குப் புலி ஜெயிக்கவேண்டும் என்று கோழி நேர்ந்துகொண்டோம். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அப்போது யாரும் விளையாட்டாகச் செய்யவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் பாக்கியத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். பெண்களுக்கு மேடையின் ஒரு பக்கம் தனியாக இடம் விட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஹனீபா நானா உட்கார்ந்திருந்தார். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ராட்சசன் புலியின் கழுத்தை மேடைக் கயிற்றில் முறுக்கிவிட்டான். நடுவரைத் தள்ளிவிட்டான். அவர் விழுந்து கிடந்தார். புலியின் நாக்கு வெளியே வந்தது, கைகள் காற்றில் அடித்தன. கூட்டம் முழுவதும் கத்தியதே தவிர ஒருவரும் அசையவில்லை. கொல்கிறான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எப்படி ஓடினேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. ராட்சசனின் காலைக் கட்டிப்பிடித்தேன். அவன் அசையவில்லை. கெண்டைக்காலைக் கடித்துவிட்டேன்.

அவன் "அம்மே!" என்று அலறினான். சுத்தமான சிங்களத்தில். ரங்கூன்காரன் ஏன் சிங்களத்தில் அலறுகிறான் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. செத்துக்கொண்டிருந்த புலி கயிற்றிலிருந்து ஒரே சிலுப்பில் கழன்று வந்தார். என் கழுத்துப் பட்டியிலும் இடுப்பிலும் பிடித்து என்னைத் தூக்கினார். "எறங்குய்யா, பொழப்பக் கெடுக்காத" என்று காதோடு சொன்னார். அடுத்த கணம் நான் கீழே புல்லில் கிடந்தேன். என் சாரம் அவர் கையில் இருந்தது. இங்கே அதைக் கைலி என்கிறார்கள். அதை அவர் தலைக்கு மேல் கொடி மாதிரி சுற்றினார். ராட்சசன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அந்தக் கொடிக்கு சல்யூட் வைத்தான். மைதானமே சிரித்தது. நான் அரைக்கால் சட்டையோடு எழுந்து நின்று திரும்பினேன். பெண்கள் பக்கம் பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு கோமாளி என்று நினைத்திருக்கிறாள். என் முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுபோனது.

ஹனீபா நானாதான் ஓடிவந்து தன்னுடைய சால்வையை நீட்டினார். "இத சுத்திக்கோங்க தம்பி. வெக்கப்பட என்ன ஈக்கி? நானும்தான் கதிரயத் தூக்கிட்டு நின்டேன்" என்றார். நான் நன்றி சொன்னேனா என்பது ஞாபகமில்லை.

லொறியில் பாக்கியம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்து ஆக்கினாள், பரிமாறினாள். அந்தச் சிரிப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து, நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, "நான் மொதல்ல பாக்கலைங்க" என்றாள். "எத?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் "சாரம் மாமா" ஆகியிருந்தேன். ரோலர் அறையில் எவனாவது குனிந்து என் கெண்டைக்காலைத் தொடுவான், எல்லோரும் சிரிப்பார்கள். நான் குஸ்தி பார்ப்பதை விட்டேன். பதுளைக்குப் போவதைக் குறைத்தேன். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், இந்தியாவா, இலங்கையா என்று எங்களைக் கேட்கும் நேரம் வந்தது. பாக்கியத்தின் தாயும் தம்பிகளும் இலங்கைக்கே பேர் கொடுத்தார்கள். நான் இந்தியா என்றேன்.

"எங்கம்மா இங்கதானே இருக்கு. அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இங்க சோத்துக்கே வழியில்ல" என்றேன். அது பொய்யில்லை. கடையில் மாவும் அரிசியும் இல்லாத காலம்தான். ஆனால் என் முடிவுக்கு அது காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்விட்டாள். பதுளை ஸ்டேஷனில் மாமியார் ரயில் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்துவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடல் தாண்டி வந்து, கொஞ்ச நாள் முகாமில் இருந்தோம். பிறகு எங்களைக் கோத்தகிரிக்கு அனுப்பினார்கள். வழியில் ரயில் மதுரையில் நின்றது. நான் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். குழாயடியில் நின்ற ஒருவர், "எந்த ஊருய்யா?" என்று கேட்டார். மதுரைதான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு "பதுளை" என்றேன். "அது எந்தப் பக்கம்?" என்றார். ரயில் ஊதியது. நான் ஓடிவந்து ஏறிக்கொண்டேன்.

போன வருடம் மேட்டுப்பாளையத்தில் ஒரு சுவரில் போஸ்டர் பார்த்தேன். கோயம்புத்தூர் பொருட்காட்சியில் குஸ்தி. "சிலோன் சிங்கம்" என்று போட்டிருந்த படத்தில் இடது காது மடல் கசங்கிச் சுருண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாக்கியம் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "போய்ப் பாப்போம்" என்றாள். இங்கே பிறந்த எங்கள் மகள் கலாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

கூடாரத்துக்குப் பின்னால், பெட்டி ஒன்றில் உட்கார்ந்து அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வயிறு சரிந்து, முடி நரைத்திருந்தது. நான் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டேன். பாக்கியம்தான் முன்னால் போனாள். "அண்ணே, நீங்க பதுளையில குஸ்தி போட்டவருதானே? மதுரைக்காரரு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கம்மா. மதுரையாவது ஒண்ணாவது. நான் அல்துமுல்லப் பக்கம் தோட்டத்துல பொறந்தவன். மதுரையக் கண்டதே கப்பலேறி வந்தப்புறந்தான். இங்க வந்து மதுரைப் புலின்னு சொன்னா மதுரைக்காரன் சிரிப்பான். சிலோன்னு சொன்னாத்தான் கொஞ்சம் பயப்படுறான்."

"இவருதாண்ணே அன்னிக்கு ராட்சசன் கால கடிச்சவரு" என்றாள் பாக்கியம். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நீங்களா! ஒங்க மொகம் எனக்கு மறக்கலைங்க. ராட்சசன் யாருன்னு நெனச்சீங்க? வெலிமடச் சிங்களப் பையன். சோமேன்னு கூப்பிடுவேன். நானும் அவனும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. நீங்க ஏறினதும் ஒங்களுக்குப் பின்னாலயே ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமா எழும்பிருச்சு. நீங்க பாக்கல, நான் மேல நின்னு பாத்தேன். மேடையேறியிருந்தா அவனக் கொன்னு போட்டிருப்பாங்க. சனம் சிரிச்சா அடிக்காதுங்க. எனக்கு வேற வழி தெரியல. ஒங்க சாரந்தான் கையில இருந்துச்சு."

இதைக் கேட்டு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இத்தனை வருடமும் என் இடுப்புத் துணியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் பல் பட்ட கால் ஒன்று இருந்ததை ஒருநாளும் நினைத்ததில்லை. "அந்தக் கால்?" என்றேன்.

"பழுத்துப்போச்சுங்க. கொஞ்ச நாள் ஆட்டமில்லாம கெடந்தான். அப்புறம் தழும்பக் காட்டிக் காட்டிப் பெருமையடிப்பான். என் ஆட்டத்த நம்பின ஒரே ரசிகன் போட்ட முத்திரைன்னு சொல்லுவான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலைங்க. ரெண்டு வருசமா அவன் கடுதாசி இல்ல. நான் எழுதுறதும் போய்ச் சேருதோ என்னவோ. கலவரத்துக்கப்புறம் இப்ப அங்க ஒரு தமிழன்கிட்டயிருந்து கடுதாசி வந்தா அவனுக்கும் கஷ்டந்தானே." அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "இன்னிக்கு எனக்குத் தோக்குற நாளு. நல்லாக் கத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு போனார்.

"கடல் கடந்து வந்திருக்கும் கொடியவன்" என்று மைக் சொன்னது. எதிரே "கொங்கு வேங்கை" என்று ஒரு வாலிபன். சிங்கம் அவன் கண்ணில் எதையோ தேய்த்தார். கயிற்றில் கழுத்தை முறுக்கினார். நடுவரைத் தள்ளிவிட்டார். எல்லாம் சோமேயின் வேலைகள், ஒன்றையும் மாற்றவில்லை. கூட்டம் எழுந்து நின்று, "சிலோன்காரன அடி! சிலோன்காரன அடி!" என்று கத்தியது. தினம் காதில் விழுகிற அந்தச் சொல்லை அப்படி ஒரு கூட்டத்தின் வாயிலிருந்து கேட்டதும் நான் நாற்காலியில் ஒடுங்கிப்போனேன். எனக்கு இடது பக்கம் கலா நாற்காலி மேல் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக அதையே கத்தினாள். வலது பக்கம் பாக்கியம் எழுந்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "விடாதீங்கண்ணே! விடாதீங்க!"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலாவுக்கு அவமானமாகிவிட்டது. "அம்மா, அவன் கெட்டவன்மா!"

"வாய மூடு. அவரு நம்ம ஊர்க்காரரு."

"நம்ம ஊரு கோத்தகிரிதானே? அப்பா, நீங்க சொல்லுங்கப்பா!"

வேங்கை கயிற்றிலிருந்து கழன்று, சிங்கத்தைத் தூக்கி அடித்தான். சிங்கம் குப்புற விழுந்தார். கன்னம் பலகையில் அழுந்தியிருந்தது. கசங்கிய காது எங்கள் பக்கம் தெரிந்தது. நடுவர் குனிந்து எண்ணத் தொடங்கினார். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. கலா என் தோளை உலுக்கினாள். பாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் உதடுகள் கூட்டத்தோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தன. உள்ளே நான் எழும்புங்க, எழும்புங்க என்று அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.