குடிக்கக் கூடாத தண்ணீர்

போன வாரம் வெள்ளிக்கிழமை, ஒரு கல்லறைத் தோட்டத்தில், ஒரு பெண்மணி என் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு நகர மறுத்துவிட்டார்.

கல்லறையில் எனக்கென்ன வேலை என்கிறீர்களா? செடிகொடிகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதுதானே என் பிழைப்பு... இந்த முறை வந்தது பழைய கிறிஸ்தவக் கல்லறை. இந்த வளைகுடாவில் எண்ணெய் எடுப்பதற்கு முன்பே வந்து இறந்தவர்கள்கூட அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நிழல் தந்த வேப்பமரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

இதுவரை டேங்கரில் நல்ல தண்ணீர் வரும். ஹோஸ் பிடித்து அடிப்பார்கள். இந்த வெயிலில் பாதியைச் சூரியன் குடித்துவிடும். நான் எல்லாவற்றையும் மாற்றினேன். மரங்களின் வேருக்கும் கல்லறைச் செடிகளுக்கும் சொட்டுநீர்க் குழாய், விடியற்காலையில் தானாகத் திறக்கும் டைமர், சுத்திகரித்த கழிவுநீர் லைன். டேங்கர் கலாஸ், இனி வராது. நானே சொல்லிக்கொள்கிறேன் — நல்ல டிசைன்.

டிரையலுக்கு வால்வைத் திறக்கப் போனபோதுதான் ரீட்டா அக்கா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு ஆபீஸில் துப்புரவு வேலை. ஷார்ஜா தொழில்பேட்டையில் வெல்டராக இருந்த கணவரை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்து, அந்தக் கல்லறையில் வைத்த நித்தியகல்யாணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்.

அன்று, டேங்கர் தண்ணீர் நிரப்பிய தொட்டியின் பழைய குழாயைக் காணோம். அந்த இடத்தில் நான் நட்ட போர்டு இருந்தது. 'குடிக்கக் கூடாது' — மூன்று பாஷையில்.

"தம்பி, உது என்ன தண்ணி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன்.

"கக்கூஸ் தண்ணியோ?"

"சுத்தம் பண்ணினதுக்கா. வாடையே வராது. நாம குடிக்கிறதே உப்பை எடுத்த கடல் தண்ணிதானே?"

பல கமிட்டிகளை வாயடைத்த பதில் அது. அக்காவிடம் எடுபடவில்லை. வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மரத்துக்கு விடுங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இவருக்கு விடாதேங்கோ. உயிரோட இருக்கேக்க லேபர் கேம்ப் டாங்கியில வந்த உப்புத் தண்ணியைத்தான் குடிச்சவர். இப்பவும் குடிக்கக் கூடாத தண்ணியோ?"

குடிப்பது செடிதான், அவர் இல்லை என்று வாதாடியிருக்கலாம். முடியவில்லை.

கல்லறைச் செடிகளுக்குப் போகும் குழாயை அங்கேயே அடைத்தேன். காவலாளி அறைக்கு வரும் நல்ல தண்ணீரிலிருந்து வாசலில் ஒரு குழாய் போட்டேன். "டிராயிங்கில் இது இல்லையே?" என்று ஆபீஸில் கேட்டார்கள். "இனிமேல் இருக்கும்" என்றேன். டிசைன் கெட்டுவிட்டதா என்ன? மரங்களுக்கு டைமர்படி தண்ணீர் போகிறது. வேம்பு துளிர்க்கும், பாருங்கள்.

நேற்று மறுபடியும் வெள்ளிக்கிழமை. ரீட்டா அக்கா புதுக் குழாயில் பாட்டிலை நிரப்பினார். நேராகக் கல்லறைக்குப் போகவில்லை. முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு ஊற்றினார்.

எத்தனையோ லேப் ரிப்போர்ட் வாங்கியிருக்கிறேன்... இப்படியொரு பாஸ் மார்க் வாங்கியதில்லை.