கடல் தண்ணி படாத தகடுகள்

என் மகளின் மகள் பல்கலைக்கழகத்தில், இரும்பு துருவேறிக் கறள் பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன பெருநாளைக்கு வந்தபோது போனில் படம் காட்டினாள். வரிசையாகத் தகடுகள், ஒன்றில் மட்டும் பூச்சு இல்லை. அது ஏன் சும்மா கிடக்கிறது தெரியுமா உம்மம்மா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவளுக்கு ஆச்சரியம். எனக்கோ பழைய கோபம் நெஞ்சுக்குள் ஏறிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த காலம். கல்முனைக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் வளவு. உப்புக் காற்றில் பாலத்து இரும்புக்கு எந்தப் பூச்சு நின்று பிடிக்கும் என்று பார்க்க, கொழும்பிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். எங்கள் வேலியோரம் மரச்சட்டம் அடித்து ஒன்பது தகடுகளை மாட்டினார். எட்டுக்கு எட்டு விதமான பூச்சு. ஒன்று வெறும் இரும்பு. காலையும் மாலையும் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேறு கை படக் கூடாது என்று சொல்லி, வாப்பாவின் தம்பியை, என் சாச்சாவை, சம்பளத்துக்கு அமர்த்திவிட்டுப் போனார்.

கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் சாச்சாவுக்கு நடக்கப் பஞ்சி, சோம்பேறி மனிசன். கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றிவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார். நான் நாளும் பார்த்தேன். தகடுகளைக் குளிப்பாட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் வந்தால் வீட்டுச் சட்டி பானை எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். உம்மா புளியும் சாம்பலும் தந்து, கறள் பிடித்தது ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று சொல்லிவிட்டா. தாச்சியும் கத்தியும் முடித்து நிமிர்ந்தால், வேலியோரம் அந்த வெறும் தகடு கறளோடு நிற்கிறது. பெருநாளும் அதுவுமாய் இது மட்டும் இப்படியா என்று, வெள்ளி போலத் தேய்த்துத் தேங்காய் எண்ணெயும் தடவிவிட்டேன். அது பிடிக்கிற கறளை வைத்துத்தான் மற்ற எட்டையும் அளப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பெருநாள் கழித்து இஞ்சினியர் வந்தார். எட்டும் புதுசு போல இருந்தன, ஒன்பதாவது மினுங்கியது. ஒரு வருச வேலை பாழ் என்று தலையில் கை வைத்தார். சாச்சா மினுங்கின தகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவள்தான் ஐயா எல்லாத்தையும் தேச்சுக் கழுவியிருக்காள். பள்ளிக்கூடம் போற துணிவு, செல்லுறத்தக் கேக்கிறல்ல."

இஞ்சினியர் குனிந்து, "மகள், எத்தனை தகடு தேய்த்தாய்?" என்று கேட்டார். நல்ல மனிசன். ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும், மற்ற எட்டிலும் கடல் தண்ணியே படவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்கும். அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் எனக்கு அதுவும் வரவில்லை. கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போனார். அரசாங்கச் சாமானில் கை வைத்த பிள்ளைக்கு இனிப் பள்ளிக்கூடம் எதற்கு என்று வாப்பா என் கொப்பிகளை எடுத்துவிட்டார். சாச்சாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் மௌத்தாகும்வரை வாய் திறக்கவில்லை; என் கையால் ஊற்றின தேத்தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார்.

இஞ்சினியர் வந்துபோன அன்று பின்னேரம் உம்மா என் தலையைத் தடவினா. "பெரிய ஆக்கள் கதைக்கக்குள்ள எதிர்த்து ஒண்டும் செல்லல்ல. அடக்கமான புள்ள."

பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதுகூட மறந்துபோய், அந்தச் சொல்லுக்கு நான் சந்தோசப்பட்டேன். உம்மா எதற்காகப் புகழ்ந்தா என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. சாச்சாவை மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தச் சொல்லை மன்னிக்கமாட்டேன்.