மேட்டுப் பக்கம் மெதுவாக ஓடும் பெண்

நடுவட்டத்தில் பஸ் ஏறிய அம்மாள், உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஓவேலிப் பக்கம் ஒரு புள்ள இருக்குதாமுங்க. ஓட்டம், ஈட்டி, கோ-கோ, எதுல எறக்கி விட்டாலும் மெடலாம். என் நாத்தனார் மக சொன்னா. இப்ப கோயமுத்தூர்ல ஒரு ஸ்கூலு ஊடு குடுத்து, அப்பனுக்கு வேலையுங் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருச்சாமா."

"நல்லா இருக்கட்டுங்க" என்றாள் சரிதா. அந்தப் பிள்ளை அவள்தான். மடியில் கோ-கோ அணிக்கு ஊட்டியில் வாங்கிய ஜெர்சிகள் இருந்தன.

வீடும் வேலையும் யாரோ கட்டிவிட்ட கதை. அம்மா ரேணுகா இன்னமும் எஸ்டேட்டில் கொழுந்துதான் பறிக்கிறார். எட்டாம் வகுப்பில் கோ-கோ அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவளை இழுத்து, விரட்டுகிறவர்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே தொடங்கியது. அப்புறம் எண்ணூறு மீட்டர், நீளம் தாண்டுதல். பள்ளியில் ஈட்டி இல்லாததால் மூங்கிலை எறிந்து பழகினாள். போன வருடம் மாவட்டத்தில் தனிநபர் சாம்பியன். காலைக் கூட்டத்தில் இவள் ஜெயித்ததைப் படித்து முடிப்பதற்குள் மூடுபனி விலகி வெயில் வந்துவிடும் என்பாள் தோழி ஐவி.

மாநிலப் போட்டிக்காக மலையை விட்டுக் கீழே இறங்கியபோதுதான் இடறியது. எண்ணூறில் மூன்றாமிடம். விளையாட்டு விடுதிப் பயிற்சியாளர் ஜெகதீசன் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒவ்வொரு சுத்துலயும் அந்தப் பக்கம் போனா மட்டும் தூங்குறியே, ஏன்?"

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "எங்க கிரவுண்டுல அந்தப் பக்கம் மேடுங்க சார்."

தேயிலைச் சரிவை வெட்டிப் போட்ட மைதானம். மேட்டில் மூச்சைச் சேர்த்து இறக்கத்தில் கொட்டுவது காலுக்குப் பழகிப்போயிருந்தது. மட்டமான தரையிலும் கால் மேட்டைத் தேடியது.

அவர் சிரித்துவிட்டார். "ஹாஸ்டல்ல ஒரு இடம் இருக்கு. ஒரே வருஷத்துல அந்த மேட்டைக் கால்லருந்து எடுத்துரலாம். ஆனா எண்ணூறு மட்டுந்தான். மத்ததெல்லாம் மூட்டை கட்டிரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. இல்லேன்னா அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவேன்."

இன்று வெள்ளிக்கிழமை. நாளை கூடலூரில் கோ-கோ இறுதிப் போட்டி.

"வர்றேன்னு சொல்லித் தொலையேன்டி" என்றார் ரேணுகா, இரவுச் சோற்றைப் போட்டபடி.

"சொல்லிட்டா நாளைக்கு ஆடக் கூடாதும்மா."

"அவரு என்ன, புதருக்குள்ள ஒளிஞ்சு நின்னு பாக்கப் போறாரா?"

"விட்டுட்டேன்னு சொல்லிட்டு எப்படிம்மா ஆடுறது?"

"எல்லாத்துலயும் முதல்ல வரத் தெரியுது. ஒரு போன் பண்ணத் தெரியல."

சரிதா பண்ணவில்லை.

மறுநாள் ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டக்காரியைப் பாய்ந்து தொட்டது சரிதாதான். கோப்பையோடு மற்றவர்கள் படமெடுக்க நின்றபோது, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் அவள் மைதானத்து ஓரத்துக்குப் போனாள். ஐவியும் பின்னாலேயே போனாள்.

"என்னடி சொல்லப் போற?"

"வர்றேன்னு."

"கோ-கோ?"

"இதான் கடைசி."

ஐவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஜெகதீசனின் போனில் முதல் முறை மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. சரிதா மறுபடி அழைத்தாள்.

"சாப்பிடப் போயிருப்பாருடி" என்றாள் ஐவி.

சரிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.