கல்லுக்கு முன்னால் வைத்திருந்த தண்ணீர்

இது நடந்தது இரண்டு கோடைகளுக்கு முன்னால், ஜப்பானில், ஹிரோஷிமா நகரத்தில். நாங்கள் ரொறன்ரோவில் மல்வேர்ன் பக்கம் இருப்பவர்கள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்ததற்கு மகள் தந்த யோசனைதான் அந்தப் பயணம். ஒரு மண்டபம் எடுத்து, தெரிந்த சனத்தையெல்லாம் கூப்பிட்டு, பட்டுச்சீலை கட்டிக் கேக் வெட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. அவளோ, "அம்மா, ஹோல் எல்லாம் வேண்டாம். பாக்பாக் பண்ணுங்கோ, இட்ஸ் சோ மச் ஃபன்" என்று தன்னுடைய முதுகுப்பையையும் சிநேகிதியிடம் இரவல் வாங்கிய இன்னொன்றையும் கொண்டுவந்து சோபாவில் போட்டுவிட்டாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் நான் முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றப் புறப்பட்டது இப்படித்தான்.

ஜப்பான் என்று முடிவானதும் என் கணவர் கேட்டது ஒரேயொரு ஊரைத்தான். "குண்டு விழுந்த ஊர் எப்பிடி எழும்பி நிக்குது எண்டு ஒருக்காப் பாக்கவேணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிப் பழகிய மனிதர். நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

போகும் தேதிகளை வைத்தபோது நாங்கள் ஒருவருமே பஞ்சாங்கம் பார்க்கவில்லை. விமானச் சீட்டெல்லாம் எடுத்த பிறகுதான் தெரிந்தது, ஹிரோஷிமாவில் நிற்கிற இரண்டாம் நாள் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் விரதமிருந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுச் சாப்பிடுகிற நாள். ரொறன்ரோவில் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. காலையிலேயே கோயிலில் இறைத்துவிட்டு வருவார், நான் அந்த விரதத்துக்கென்றே வாங்குகிற கசப்பான காத்தோட்டிக்காயைப் பொரித்துச் சோறு போடுவேன். மற்றவர்கள் விரதம் என்றால் தேத்தண்ணியாவது குடிப்பார்கள். என் கணவர் இறைத்து முடியும்வரை பச்சைத்தண்ணீரும் வாயில் வைக்கமாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. என் மாமனார், இவருடைய ஐயா, ஊரில் இறந்தபோது, இவர் கனடாவுக்குப் புதிதாக வந்து, அகதி வழக்கு முடியாமல், சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறைக்குள் நாலைந்து பேரோடு இருந்தார். போக வழியில்லை. கடைசி நேரத்தில் மாமனார் மகனைத் தேடித் தேடித் தண்ணீர் கேட்டாராம். பெற்ற பிள்ளை ஊற்றவேண்டிய தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வாயில் ஊற்றினார். இதை இவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அந்த நாளில் தண்ணீர் குடிக்கச் சொல்லி நான் கரைச்சல் கொடுத்ததில்லை.

சரி, ஹிரோஷிமாவில் ஆறு ஓடுகிறது, கரையில் இறைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். எள்ளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி முதுகுப்பையின் அடியில் வைத்துக்கொண்டோம். அன்று பின்னேர ரயிலில் அடுத்த ஊருக்குப் போவதாக இருந்ததால் காலையிலேயே விடுதியை விட்டு வெளிக்கிட்டாயிற்று. பை வைக்கிற லொக்கர்கள் எல்லாம் நிறைந்திருந்தன. பாரமான பை அவர் முதுகில், மற்றது என் முதுகில்.

"முதல்ல இறைச்சுப்போட்டு ஏதும் குடியுங்கோ. மியூசியம் எங்கையும் ஓடாது" என்று நான் சொன்னேன்.

"சனம் கூடமுதல் அதைப் பாத்திட்டு வந்து ஆறுதலா இறைப்பம். உமக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்றார். பிரஷர் குளிசையைக்கூடத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு வந்த வீராதிவீரர், எனக்கு அவசரமாம்!

அந்த ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் கோடை வந்தால் நாங்களும் வெக்கை வெக்கை என்று புலம்புவோம். அதெல்லாம் ஒன்றுமேயில்லை. அங்கே காற்றே சுடுநீரில் தோய்த்தெடுத்த துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. என்னுடைய தண்ணீர்ப் போத்தலை நான் மியூசிய வாசலுக்குப் போகமுதலே குடித்து முடித்துவிட்டேன்.

உள்ளே கருகிப்போன உடுப்புகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் இவர் நின்றது நின்றபடி நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். வெளியே வந்ததும் ஆற்றங்கரையால் நடக்கத் தொடங்கினார். இறங்குவதற்குப் படி இருந்த இடத்தையும் தாண்டி நடந்தார். "இஞ்சாருங்கோ, படி இஞ்சை இருக்கு" என்று பின்னால் கத்தினேன். திரும்பிப் பார்த்தார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை. அடுத்த அடி வைக்கவில்லை. பையோடு சேர்த்து அப்படியே ஒரு மரத்தடியில் சரிந்துவிட்டார்.

கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார். உடம்பு அடுப்பில் வைத்த தோசைக்கல். அந்த நேரத்தில் கரையில் ஒரு குருவியும் இல்லை. ஜப்பானில் மூலைக்கு மூலை போத்தல் தண்ணீர் விற்கிற இயந்திரம் நிற்கும், ஆனால் எனக்குத் தேவைப்பட்ட அந்த இடத்தில் ஒன்றுமில்லை. இவரைப் போட்டுவிட்டு ஓடவும் பயம். அப்போதுதான் பக்கத்தில் அதைக் கண்டேன். ஆளுயரக் கல் ஒன்று. அதன் அடியில் வரிசையாகத் தண்ணீர்ப் போத்தல்கள், கண்ணாடிக் குவளைகளில் நிறைத்து வைத்த தண்ணீர். மேலே நிறநிறமாகத் தாளில் செய்த தோரணம்.

என் மூளைக்கு உடனே பட்டது தண்ணீர்ப் பந்தல்தான். ஸ்காபரோவில் தேர்த்திருவிழா நடக்கும்போது கோயில் வாசலில் இப்படித்தானே குவளைகளை அடுக்கி வைத்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இந்த ஊரிலும் எந்தப் புண்ணியவானோ வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்திருந்தால் அது பந்தலில்லை என்று விளங்கியிருக்கும். அந்த நேரம் யோசிக்கிற மூளையா எனக்கு இருந்தது? குவளை குவளையாக எடுத்து இவர் தலையில் ஊற்றினேன். என் சால்வையை நனைத்துக் கழுத்தில் சுற்றினேன். போத்தல் ஒன்றைத் திறந்து வாயில் வைத்தேன்.

மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார். "இன்னும் இறைக்கேல்லை" என்று முனகினார். செத்துப்போவார் போல் கிடக்கிறார், அப்போதும் விரதம்! எனக்கு வந்த கோபத்துக்கும் பயத்துக்கும் அளவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், வாயைத் திறக்கவில்லை. பிறகு பேச்சுக் குழறியது. என்னை யாரென்றும் தெரியவில்லை. யாரிடமோ சொல்வதுபோல், "ஐயா தண்ணி கேக்கிறார், ஐயாவுக்குத் தண்ணி குடுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை அந்த மண்ணிலேயே ஊற்றினேன். அவருடைய காதுக்குள், "ஓம், ஐயாவுக்குக் குடுத்தாச்சு. ஐயா குடிச்சிட்டார். இப்ப நீங்கள் குடியுங்கோ" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன்.

அப்போது பின்னால் ஒரு சைக்கிள் வந்து நின்றது. எங்கள் வயதிருக்கும் ஒரு ஜப்பானிய மனிதர். கழுத்தில் துவாய், சைக்கிள் கூடையில் பெரிய தண்ணீர்ப் போத்தல். கல்லின் அடியில் வெறுமையாய்க் கிடந்த குவளைகளைப் பார்த்தார். தரையில் கிடந்த என் கணவரைப் பார்த்தார். தான் கொண்டுவந்த போத்தலை என் கையில் தந்துவிட்டு, துவாயை நனைத்து இவருடைய அக்குளுக்குள் வைத்தார். உடனே போனில் அம்புலன்சைக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்து சைரன் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, அவர் கல்லின் பக்கம் திரும்பிக் கைகூப்பித் தலையைத் தாழ்த்தினார்.

அவர் கும்பிட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. தாள் தோரணம் என்று நான் நினைத்தது அத்தனையும், குண்டில் இறந்தவர்களை நினைத்து அந்த ஊரில் மடித்து வைக்கிற தாள் கொக்குகள். அவ்வளவு நேரம் மியூசியத்தில் பார்த்தேனே, எரிகாயத்தோடு ஆற்றங்கரையில் விழுந்து தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கேட்டே இறந்துபோன சனத்தைப் பற்றி. அந்தச் சனத்துக்கு வைத்த தண்ணீர் அது. சாமிக்கு மடையில் வைத்ததைப் படைக்கமுதல் தொட்டால் கையில் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். செத்தவர்களின் படையலை எடுத்து இவருடைய தலை முழுக வார்த்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்குப் பாஷை தெரியவில்லை. அதற்குள் அம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் கண்ணை விழித்து என் முகத்தைப் பார்த்து, "என்ன, அழுது குழறியிருக்கிறீர் போல?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல? வந்தது தெளிவான மல்வேர்ன் நக்கல், ஆள் திரும்பிவிட்டார். டொக்டராக இருந்த இளம்பெண் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: உடனே உடம்பைக் குளிர்த்தியது நல்லது, பிந்தியிருந்தால் பெரிய ஆபத்து. நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று ஒரு மூச்சு அழுதேன். மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னால், "அம்மா, அப்பா ஓகேயா? ஜஸ்ட் டெல் மீ அப்பா ஓகே!" என்று அவளும் அங்கே அழுகை.

போனை வைத்த பிறகுதான் அடுத்த இடி. இரண்டு முதுகுப்பைகளையும் மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பாஸ்போர்ட்டெல்லாம் அதற்குள். இனி ஓடிப் பயனில்லை என்று தலையில் கைவைத்து இருக்க, ஆஸ்பத்திரி நடைபாதையின் கடைசித் தொங்கலில் அதே மனிதர் வந்தார். ஒரு பை முதுகில், மற்றது முன்னால், நெஞ்சில். சைக்கிளில் அவ்வளவு தூரமும் அப்படித்தான் வந்திருக்கிறார்.

நான் போனில் தட்டச்சுச் செய்து மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர்ப் பந்தல் என்று நினைத்துவிட்டேன், படைத்த தண்ணீர் என்று தெரியாது என்று எழுதினேன். அவர் வாசித்தார், பிறகு தன்னுடைய போனில் எழுதிக் காட்டினார். அந்த மொழிபெயர்ப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். "அது தண்ணீர் கேட்டும் கிடைக்காமல் போனவர்களுக்காக வைப்பது. நீங்கள் தண்ணீர் தேவைப்பட்டவருக்குக் கொடுத்தீர்கள். அது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது." நான் குனிந்தேன், அவர் குனிந்தார், நான் திரும்பவும் குனிந்தேன். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஊருக்குப் போகிற திட்டத்தைக் கைவிட்டோம். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறமுதல், போத்தல்களில் தண்ணீர் வாங்கிக்கொண்டு அந்தக் கல்லடிக்குப் போனோம். இவர் குவளை ஒவ்வொன்றையும் கழுவி நிறைத்து வைத்தார். எள்ளுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டு, "அமாவாசை நேற்றோடை முடிஞ்சுபோச்சே" என்று தயங்கினார்.

"ஐயா நேற்றே குடிச்சிட்டார். ஆற்றில இறைச்சுப்போட்டு வாங்கோ, எனக்குப் பசிக்குது" என்றேன். முதல்நாள் அந்த மரத்தடியில் என்னவெல்லாம் சொன்னார் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். எள்ளோடு படியில் இறங்கினார். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஏறி வந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் நிறைய நாளாக நான் காணாத ஒரு தெளிவோடு இருந்தது. மேலே வந்ததும் என் கையிலிருந்த போத்தலைப் பறித்து மடக்கு மடக்கென்று குடித்தார்.

இப்போதும் ஆடி அமாவாசைக்கு விரதம் இருக்கிறார். ஆனால் விடிந்ததும் ஐயாவின் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார், கும்பிடுவார், பிறகு அதை எடுத்துத் தானே குடிப்பார். நான் அடுப்படியில் நின்று காத்தோட்டிக்காய் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வெறும் கிளாஸைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம், நான் ஒருநாளும் கண்டிராத அந்த ஊர்ச் சனம் தங்களுக்கு வைத்த தண்ணீரை எங்களுக்கு விட்டுத்தந்ததாகவே எனக்குத் தோன்றும்.