கொல கனயாவும் ஷாமிளாவின் இருபது நிமிடமும்

'சார்' ஒருவரை வள்ளத்தில் ஏற்றுவது சுலபம். ஏறியவர் தான் சார் என்ற நினைப்பிலிருந்து இறங்குவதுதான் கஷ்டம். இந்த இரண்டாவது வேலையை யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒழுங்காகச் செய்து காட்டியவர் ஒருவர்தான். பெயர் ஷாமிளா. வயது முப்பத்து நான்கு. காலையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். பின்னேரத்தில் கயாக் ஓட்டுகிறார்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்காரும் பிளாஸ்டிக் வள்ளம். தோட்டத்து லய வீடுகளின் சனங்கள் அதை மாட்டுத் தொட்டி என்கிறார்கள். பார்வைக்கு அது தப்பில்லை. மாவனல்லை வியாபாரி றிஸ்மி இப்படி எட்டுத் தொட்டிகளை லொறியில் கொண்டுவந்து, தோட்டத்துக்குக் கீழே ஓடையை மறித்துத் தேக்கிய தண்ணீரில் இறக்கினார். 'வள்ளத்தில் சென்று மீன் பிடிக்கும் அனுபவம்' என்று மூன்று மொழியில் எழுதியும் வைத்தார். அதே தண்ணீரில் நூறு வருஷமாக மீன் பிடித்துவந்த தோட்டத்தாருக்கு, அதற்குப் பெயர் அனுபவம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஷாமிளா அங்கே வேலை கேட்டதற்குக் காரணம் மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேரும் விழாது, சம்பளமும் இல்லை. யட்டியாந்தோட்டையில் மழை பெய்யாத நாளைக் கண்டுபிடிக்கச் சாத்திரக்காரன்தான் வேண்டும். வள்ளமோ எப்படியும் நனைந்துதான் கிடக்கிறது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்றார் றிஸ்மி.

அந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு முறைப்பாடுகள் வந்துவிட்டன. வெறும் வாளியில் மீனைப் போட்டுத் துடிக்கவிட்ட ஒருவரின் வாளிக்குள் ஷாமிளா சட்டென்று தண்ணீர் ஊற்றினார். அவருடைய போனும் அதற்குள்தான் இருந்தது. இன்னொருவர் உலர்ந்த துவாயால் மீனைப் பிடித்தபோது, "ஒங்க கண்ணுமுழிய துவாயால தொடச்சா எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டுவிட்டார். கேள்வி நல்ல கேள்வி. வாடிக்கையாளர்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"தங்கச்சி, இனி ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தா நான் ஒண்ணும் செய்ய ஏலா," என்றார் றிஸ்மி. "ஞாயித்துக்கிழமையோட மூணு மாசம் முடியுது. அதுவரைக்கும் வாய வெச்சிக்கிட்டு சும்மா இரி."

ஷாமிளாவுக்கு வாயைவிடக் கை பெரிய சொத்து. பால்வெட்டுக் கத்தி பட்டையில் மட்டும் ஓட வேண்டும், மரத்தில் படக்கூடாது. மயிரிழை ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். குறைந்தால் பால் வராது. பதினைந்து வருஷமாக ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது மரங்களை அந்தக் கை இப்படி வெட்டிவருகிறது. மரத்தில் ஒரு காயமும் கண்டுபிடிக்க முடியாத தோட்டத்து ஐயா, கடைசியில் ஷாமிளா போட்டிருந்த செருப்பில் குற்றம் கண்டார்.

மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் இதே மாதிரி, வேலையோடு வேலையாக வந்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஓடை மீன்களை எண்ண வந்தபோது வாளி தூக்கப் போனார். இரண்டாம் நாள் அவர்கள் மீனின் பெயரைத் தேடிப் புத்தகம் புரட்டுவதற்குள், "அது நேத்து வந்த அதே சாதிங்க," என்று சொல்லத் தொடங்கிவிட்டார். விராலின் சின்னத் தம்பிகளான கனயா மீன்களில் அங்கே இரண்டு வகை. ஒன்றுக்கு அடிவயிற்றில் சோடியாக இரண்டு குட்டிச் செட்டைகள் உண்டு. மற்றதற்கு அவை இல்லை. இல்லாததுதான் பாதுகாக்கப்பட்டது. பிள்ளைகள் இதை நான்கு வரியில் எழுதி வைத்தார்கள். ஷாமிளா ஒரே வரியில் வைத்துக்கொண்டார்: "கோவணம் கட்டுனது கொழம்புக்கு, கட்டாதது ஆத்துக்கு."

இந்தக் கோவணம் கட்டாத மீனுக்குச் சிங்களத்தில் கொள கனயா என்று பெயர். கொள என்றால் இலை, பச்சைக்கும் அதுதான். தோட்டத்துக் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் ஓடைக்கரையில் பெயர்ப்பலகை எழுதியவர்கள் தோட்டத்துக் குழந்தைகள் அல்லவே. கேகாலையில் ஏதோ ஒரு காரியாலயத்து மேசையில், சிங்களப் பெயர் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்துக்கு மாறியது. பலகையில் இப்படி வந்தது: 'கொல கனயா. கொல்வது தண்டனைக்குரிய குற்றம்.'

கொல, அதன் பக்கத்திலேயே கொல்வது. வெளியூரிலிருந்து வந்த தமிழ்ச் சனங்கள் இதைக் கொலைகார மீன் என்று வாசித்தார்கள். காலைத் தண்ணீரில் விட்டவர்கள் இழுத்துக்கொண்டார்கள். வத்தளைப் பக்கத்து இளைஞர் ஒருவர் மிதந்துவந்த மூங்கில் துண்டைத் துடுப்பால் மூன்று போடு போட்டுத் தன் குடும்பத்தைக் காப்பாற்றினார். மீனைக் காப்பாற்ற நட்ட பலகை, அதை அடிக்கத் தேடும் அளவுக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது.

மூன்று மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று வந்தவர் கணேசலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், கேகாலையில் பெரிய உத்தியோகம். மனைவி கனகாம்பிகை கரையில் குடையும் போனுமாக நின்றார். கணேசலிங்கம் இருவர் அமரும் வள்ளத்தின் முன்னால் ஏறினார். ஷாமிளா பின்னால்.

"சார், எங்க தூண்டில் இருக்கு. அதப் பாவிச்சா நல்லங்க."

"வேண்டாம் பிள்ளை. என்ர சாமான் இருக்கு."

அவருடைய தூண்டிலில் மூன்று கொக்கிகள் ஒட்டி நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் பின்பக்கம் பார்த்த முள். குத்தினால் திரும்பி வராது. ஷாமிளா ஏதோ சொல்ல வாயெடுத்து, றிஸ்மியை நினைத்து மூடிக்கொண்டார்.

சிற்றோடை வந்து விழும் நிழலில் கணேசலிங்கம் வீசினார். இழுத்தார். தூண்டில் நரம்பு இறுகியது.

"ஆள் பெரியவன்!" என்றார்.

ஆள் ஒரு சாண் நீளம். ஷாமிளா வள்ளத்தைப் பக்கத்தில் அணைத்து, கையை நனைத்துத் தண்ணீருக்குள்ளேயே மீனை ஏந்தினார். கொக்கி வாயில் இல்லை, முதுகுச் செட்டைக்குக் கீழே மாட்டியிருந்தது. விரலால் அடிவயிற்றைத் தடவினார். செட்டை இல்லை. தொண்டை மட்டும் பாக்கு அதக்கியதுபோல் உப்பியிருந்தது.

"சார், இது கொள கனயாங்க."

"ஐயோ! கொலைகாரனோ? கையை எடும் பிள்ளை!" கணேசலிங்கம் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கினார். வள்ளம் ஆடியது.

"தொடுப்ப கீழ வைங்க சார்! கொலை இல்லீங்க, கொள. எல. எலப் பச்சைக் கனயா. இது ஒங்கள ஒண்ணும் செய்யாது."

"போர்ட்டிலை அப்பிடித்தானே கிடக்குது?"

"அத எழுதுன மடையனுக்குச் சிங்களமும் தெரியல, தமிழும் தெரியல போல சார்."

துடுப்பு மெதுவாக இறங்கியது. கரையிலிருந்து கனகாம்பிகையின் குரல் தெளிவாக வந்தது:

"இஞ்சருங்கோ! அந்தப் போர்ட்டுக்குக் கையெழுத்து வைச்சது நீங்கள்தானே?"

ஷாமிளா குனிந்து மீனையே பார்த்தார். மூன்றாவது முறைப்பாடு கண்ணுக்கு முன்னால் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தது. அவமானப்பட்ட அதிகாரி சமாதானத்துக்கு வழி தேடுவார் அல்லவா, கணேசலிங்கமும் தேடினார்.

"சரி, விடுவம். ஒருக்காத் தூக்கிப் பிடிக்கிறன். அவ ஒரு படம் எடுக்கட்டும். பிறகு விட்டிடலாம்."

அதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஷாமிளாவின் வேலை அங்கேயே நிரந்தரமாகியிருக்கும். ஒரு படம், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் விலை.

"ஏலாது சார். வாய்க்குள்ள புள்ளைங்க இருக்கு. வெளிய எடுத்தா துப்பிரும்."

"தாய் மீனோ?"

"தகப்பனுங்க. இந்தச் சாதியில ஆம்பளதான் குஞ்சு பொரிச்சு வாயில வச்சு வளப்பான்."

"கேட்டீங்களே?" என்றது கரை. "வாயை மூடிக்கொண்டு பிள்ளை வளக்கிறானாம்!"

கணேசலிங்கத்தின் முகம் சிவந்தது. "நான் ஆர் எண்டு தெரியுமே பிள்ளை? றிஸ்மியிட்டைச் சொன்னனெண்டால்..."

"தெரியும் சார். சொல்லுங்க. இப்ப அசையாதீங்க."

பையிலிருந்து சின்ன வெட்டுக்குறட்டை எடுத்தார் ஷாமிளா. கொக்கியின் நுனி தோலைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு கை மீனைத் தண்ணீரோட்டத்துக்கு எதிரே பிடித்திருக்க, மறு கை முள்ளிருந்த நுனியை மட்டும் நறுக்கியது. மிச்சக் கொக்கி குத்திய வழியாகவே வழுக்கி வந்தது. பட்டைக்கு மேலே கத்தி ஓடியதுபோல் இருந்தது. சதை கிழியவில்லை.

ஆனால் அந்தக் கணத்தில் மீன் திடுக்கிட்டு வாயைத் திறந்தது. ஒரு பிடி குஞ்சுகள் மிளகாய் விதை தூவினாற்போல் தண்ணீரில் சிதறின. தகப்பன் கல்லிடுக்குக்குள் ஓடிவிட்டான்.

"போச்சு," என்றார் கணேசலிங்கம். அதில் அதிகாரம் இல்லை. உண்மையாகவே பதறிப்போயிருந்தார்.

"போகல சார். திரும்பி வருவான். நாம ஆடுனா வர மாட்டான். பேசவும் வேணாம்."

ஷாமிளா துடுப்பை அடிமணலில் ஊன்றி வள்ளத்தை அசையாமல் நிறுத்தினார். ஒரு தும்பி கணேசலிங்கத்தின் தொப்பியில் உட்கார்ந்தது. கொசு அவருடைய காதைக் கடித்தது. கால் மரத்தது. போன் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. கேகாலையில் மணிக்கு ஆறு பேரைக் காக்க வைப்பவர், தான் யாருக்கும் காத்திராதவர், ஒரு சாண் மீனுக்காகக் காத்திருந்தார். கரையில் கனகாம்பிகை போனைத் தாழ்த்திவிட்டார்.

கல்லிடுக்கில் முதலில் மூக்கு தெரிந்தது. தகப்பன் மெல்ல வெளியே வந்து, குஞ்சுக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வாயைத் திறந்தான். குஞ்சுகள் கொத்துக் கொத்தாக உள்ளே போயின. இரண்டு குஞ்சுகள் மட்டும் வள்ளத்தின் நிழலுக்குள் மாட்டிக்கொண்டன. ஷாமிளா துடுப்பை ஒரு விரற்கடை திருப்பினார், நிழல் நகர்ந்தது. அவையும் போய்ச் சேர்ந்தன. தொண்டை உப்ப, இலை நிறத்து முதுகு தண்ணீருக்குள் கரைந்தது.

இருபது நிமிடம் ஆகியிருந்தது. கணேசலிங்கம் அப்போதும் பேசவில்லை. பேசலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கரையேறியதும் பேச்சு திரும்பியது. வருகைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இலக்கமிட்டு எழுதினார். ஒன்று, புகைப்படம் மறுக்கப்பட்டது. இரண்டு, சொந்தத் தூண்டில் சேதமாக்கப்பட்டது. மூன்று, 'காரணமின்றி' என்று தொடங்கி, அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, 'காரணத்துடன் இருபது நிமிடம் அசைய விடப்படவில்லை' என்று முடித்தார்.

கனகாம்பிகை பேனையைப் பறித்து அதற்குக் கீழே எழுதினார்: 'இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் என் கணவரை இருபது நிமிடம் பேசாமல் இருக்க வைத்த முதல் ஆள் இந்தப் பிள்ளை. வருகிற மாதம் என்னுடைய தமக்கையும் அத்தானும் வருகினம். இவவையே தரவும்.'

கரைக் கொட்டகையில் றிஸ்மி புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ஒரே ஊட்டுல இருந்து ரெண்டு ஈக்கிது. இது கம்ப்ளெய்ன்ட்டா, சர்டிபிகேட்டா?"

"தெரியல பொஸ். ஆனா நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளேன். வேலைதானே?"

"வேல இருந்தாத்தான் இதக் கேக்கலாம். இனி யாரு தூண்டில் கொண்டாந்தாலும் முள்ள நசுக்கிட்டுத்தான் வள்ளத்துல ஏத்துவேன். அதுக்குச் சம்மதம்னா நாளைக்கு வாறேன்."

"ஏலாண்டு சொன்னா?"

"மழ பெய்யாம இருக்கணும்னு கும்பிட்டுக்கிறேன்."

றிஸ்மி வெளியே பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்ப் பெரிய குறடு ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் நீயே நசுக்கு. எனக்குக் கையெல்லாம் வலிக்கும்."

ஷாமிளா அங்கேயே உட்கார்ந்தார். முதலில் கைக்கு வந்தது கணேசலிங்கத்தின் தூண்டிலில் மிஞ்சிய இரண்டு கொக்கிகள். அவர் தடுப்பார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மெல்லப் பிள்ளை," என்றார். "அது சிங்கப்பூரிலை வாங்கினது."