வளை பார்க்கும் முத்தலிப்

நிந்தவூர் முத்தலிப்புக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்யாண வீட்டில் சோறு வைத்தாலும் கண் முற்றத்து மண்ணில்தான் மேயும். ஈரமண் சின்னச் சின்ன உருண்டையாகக் குவிந்திருந்தால் உள்ளே நண்டு. சரிவாகக் கடித்த நெல் தாள் சிதறிக் கிடந்தால் எலி. எலி வளை வாசலில் பாம்புச் சட்டை கிடந்தால் வீடு கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

"இஞ்சப் பாருங்க, கொஞ்சம் நிமிர்ந்து நடங்க. என்டைக்காவது மதில்ல முட்டப் போறீங்க," என்பாள் மனைவி ஹுஸ்னியா. அவர் நிமிர்ந்ததில்லை.

இந்தப் போகம் அவருக்குச் சோறே இறங்கவில்லை. மூன்று ஏக்கர் நெல்லும் குடலையில், கதிர் இன்னும் தாளுக்குள் இருக்கும் பருவத்தில், நிற்கிறது. இப்போது தண்ணீர் வற்றினால் கதிரெல்லாம் பதர். வாய்க்கால் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒரு தரம்தான் வரும். கட்டி வைத்த தண்ணீரோ மூன்று நாளாக எங்கோ நழுவிக்கொண்டிருந்தது. கீழ் வயல், காரைதீவுக் கனகரெத்தினத்தினுடையது.

"வரம்ப வெட்டித் தண்ணி எடுக்கான்!" என்று தேநீர்க் கடையில் முழங்கினார்.

"உங்கட வரம்புல வளை கிளை இரிக்குமோ என்னவோ?" என்றார் கடைக்காரர்.

"என்ட வரம்புலயா? இரிந்தா எனக்குத் தெரியாதா?"

தண்ணீர்ப் பங்கீட்டுக்குப் பொறுப்பான வட்டவிதானை அப்துல் ஸமட், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பார்ப்பதாகச் சொன்னார். களவு என்று அவர் வாயால் வந்துவிட்டால், கனகரெத்தினம் இனி அந்த வயற்பக்கம் முகம் காட்ட முடியாது.

தொழுத கையோடு சாட்சி தேடி ஓடினார் முத்தலிப். கீழ்ப்பக்க வரம்போரம் கால்தடம். புதிது. குதிகால் ஆழமாக அழுந்தியிருந்தது. தடம் முடிந்த இடத்தில் வரம்பின் அடியில் யாரோ வைக்கோலும் களிமண்ணும் திணித்திருந்தார்கள்.

"புடிச்சிட்டன்!" வைக்கோலைப் பிடுங்கினார். தண்ணீர் அவர் முகத்திலேயே பாய்ந்தது. மண்வெட்டி வெட்டிய வாயல்ல அது. வட்டமான வாய், ஓரமெல்லாம் உருண்டை மண்.

"ஏன் முத்தலிப் காக்கா, அடைச்சதப் புடுங்கிறீங்க?" பின்னால் மண்வெட்டியோடு கனகரெத்தினம். "மூணு நாளா அடைக்கிறன், நிக்குதில்ல. நாளைக்கு அறுப்பு மெசின் வருகுது."

அப்போதுதான் முத்தலிப் நிமிர்ந்தார். கனகரெத்தினத்தின் மூன்று மாத ரக நெல் மஞ்சளாய்ப் பழுத்து நின்றது. அறுப்புக்கு நிற்கும் வயலுக்கு எவன் தண்ணீர் திருடுவான்?

"ஏன் அண்ணன் எனக்குச் சொல்லல்ல?"

"உங்களுக்கா? ஊருக்கே வளை காட்டுற ஆள். உங்களுக்கு நான் காட்டுறதா எண்டு வெக்கமாப் போச்சு."

வட்டவிதானையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முத்தலிப் வரம்பைத் தாண்டித் தன் வயலுக்குள் குதித்தார். தண்ணீருக்குள் துழாவினார். வளையின் மேல்வாய் அகப்பட்டதும் குதிகாலை அதில் திணித்துக்கொண்டு நேரே நின்றார். கீழே ஓட்டம் நின்றது.

"எங்க காக்கா வெட்டின இடம்?" என்றார் ஸமட்.

கனகரெத்தினம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முத்தலிப்பைப் பார்த்தார். 'ஆள் வந்து அடைச்சிட்டுப் போயிட்டான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தலிப்பின் மானம் தப்பும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அதற்குள், உள்ளே குடியிருந்தவர் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்!"

கால் வெளியே வந்தது. குதியில் தொங்கியபடி நண்டும் வந்தது. தண்ணீர் மறுபடி கீழே பாய்ந்தது.

"இவரா வெட்டினவர்?" என்றார் ஸமட்.

"ஓம். என்ட பக்கத்து ஆள்தான்." முத்தலிப் குனிந்து நண்டைக் கழற்றினார். "கனகரெத்தினம் அண்ணன் களவெடுக்கல்ல. கடையில நான் கதைச்சது பொய். அங்கயே வந்து சொல்லுறன்."

"அது பொறகு. முதல்ல களி போடுங்க," என்று மண்வெட்டியை நீட்டினார் கனகரெத்தினம்.

முத்தலிப் நொண்டி நொண்டிக் களி அள்ளினார். கண் மட்டும் வரம்போரம் அடுத்த வாசலைத் தேடிக்கொண்டேயிருந்தது.