தண்ணீரில் கண்டம்

என் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைச் செம்பு உண்டு. கழுத்து நெளிந்து, அடியில் ஈயப்பற்று வைத்தது. அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் செம்பால்தான் எங்கள் ஆத்தா என் அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது மட்டுமல்ல, மீசை முளைத்த பிறகும்.

அண்ணன் பிறந்ததும் ஜாதகம் எழுதிய ஜோசியர், பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டாராம். எங்கள் வீடோ உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலோரத் தென்னந்தோப்புக்குள். கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது, ஊருணியில் கால் நனைக்கக்கூடாது, கடல் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது. "அங்கன போகாத எஞ்சாமி, ஆத்தா இருக்கேன்ல" என்பாள். தண்ணீரில் தொடங்கியது மற்ற எல்லாவற்றுக்கும் பரவியது. சட்டைப் பித்தானை அவளே போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எவனாவது அவனைக் கிள்ளினால் முந்தானையைச் செருகிக்கொண்டு இவள் சண்டைக்குப் போனாள்.

எனக்கு ஜாதகமே எழுதவில்லை. பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். கிணற்றில் இறைத்தது நான். கடலோரம் ஊறப்போட்ட தேங்காய் மட்டையை இழுத்து வந்ததும் நான்தான். ஒருநாள் கழுத்தளவுத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, குடித்து, கையைக் காலை உதறி, நானாகவே நீச்சல் பழகினேன். ஒருவரும் பதறவில்லை. அதை நல்ல வளர்ப்பு என்று தயவுசெய்து யாரும் மெச்ச வேண்டாம். கேட்பாரற்று விட்டார்கள், நான் பிழைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, அய்யா அலையாய் அலைந்து அண்ணனுக்கு இராமேஸ்வரத்தில் வாத்தியார் வேலை வாங்கினார். அந்தக் காலத்தில் அங்கே போக ரயில்தான். அது பாம்பன் பாலத்தில் கடலைத் தாண்டும். ஆத்தா மூன்று வேளையும் அழுதாள். அய்யா கேட்கவில்லை. தனியாக அனுப்பவும் மனம் வராமல், துணைக்கு என்னை அனுப்பினார். வேலைக்குப் போகிற ஆண்பிள்ளைக்கு, பாவாடை தாவணி கட்டிய தங்கச்சி துணை.

மண்டபத்தில் வண்டி நின்றது. ஜன்னலில் கடலைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னால ஏலாது புள்ள. நான் எறங்குறேன். ஆத்தா பாவம்" என்றான். பெட்டியைத் தூக்கி இறக்கியதும் நான்தான். அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. ஊரில் யாரும் ஆத்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெத்த மனசு என்றார்கள். பெத்த மனசாம். பிள்ளையின் காலை முறித்துப்போட்டுவிட்டு, நடக்கத் தெரியாதே என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதற்கு இப்படி ஒரு பெயர்.

அறுபதுகளில் ஆத்தா போய்ச் சேர்ந்தாள். எரித்த மறுநாள் சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். மகன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரைத்துவிட்டு முங்க வேண்டும். அன்றைக்குக் கடல் குளம்போலக் கிடந்தது. அண்ணன் கலயத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றான். அலை விரலைத் தொட்டதும் பின்னால் நகர்ந்தான். "ஏலே, எறங்குலே" என்று அதட்டினார் பெரியப்பா. அவன் அழுதான். நான் கலயத்தைக் கையில் வாங்கினேன்.

"பொம்பள எறங்கக்கூடாது தாயி" என்றார் பெரியப்பா.

"அப்ப ஆம்பளைக்கு நீச்சல் சொல்லிக் குடுத்திருக்கணும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆத்தாவைக் கரைத்துவிட்டு, முங்கி எழுந்து திரும்பினால், அண்ணன் மணலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். சடங்குக்கென்று வீட்டிலிருந்து எடுத்துவந்த அந்தச் செம்பை என்னிடம் நீட்டினான். "நீ ஊத்து புள்ள" என்றான். கடல் தண்ணீரை மொண்டு அவன் தலையில் ஊற்றினேன். ஆத்தா ஊற்றும்போது எப்படிக் கண்ணை இறுக்கிக்கொள்வானோ அப்படியே இறுக்கிக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, செத்தவளை எழுப்பி நாலு கேள்வி கேட்கலாம்போல இருந்தது.

அண்ணன் கிழவனாகிக் கட்டிலில்தான் செத்தான். ஜோசியர் சொன்ன கண்டம் வரவே இல்லை.

என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. என் மகள் இன்னும் அவனுக்குச் சோறு ஊட்டுகிறாள், ஷூ மாட்டிவிடுகிறாள். நேற்று அந்தச் செம்பைப் பரணிலிருந்து இறக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்னம்மா?" என்றாள்.

"உன் மாமா" என்றேன்.